ஐந்து எண்ணும் நேரம்

ஊரில் படம் பேச ஆரம்பித்து
மூன்று வருடம் ஆகிறதாம்.
பஹ்ரைன் எண்ணெய்க் கம்பெனி லைனுக்கு
பேசாத பழசுதான் வந்து சேர்ந்தது,
தகரப் பெட்டியில், ஈரச்சாக்கு சுற்றி.

எழுத்து வரும்போது நீ வாசி, குரூஸ்,
என்றார் டாக்டர் விட்லி.
ஒவ்வோர் அட்டையும் ஐந்து எண்ணும் நேரம் நிற்கும்.
அதற்குள் தமிழாக்கி
கடைசி வரிசைவரை கேட்கச் சொல்ல வேண்டும்.
மலையாளத்தாருக்கும் அதே போதும்.
சரி என்றேன். டிஸ்பென்சரி ரைட்டருக்கு
வேறு சொல் கிடையாது.

இரண்டு குழாய்க் கம்பத்துக்கு நடுவே வெள்ளைச் சீலை.
தூரத்தில் கிணற்று வாயு அணையாமல் எரிந்ததால்
இருட்டு முழுசாக இருட்டவில்லை;
படத்தில் பெய்த பனியிலும் செம்மை ஏறியது.
முன்வரிசையில் மலுக்கு, பிட்டர் சங்கிலி.
மூன்றாவதில், ஓரமாக, பேச்சிமுத்து.

தொப்பி வைத்த பையன் ரயிலேறுகிறான்.
ஒருத்தி கைக்குட்டை அசைக்கிறாள்.
நகரம் அவனை அழைத்தது.
வாசித்தேன். சுலபம்.
கண்ணாடிக் கோப்பை, படியேறும் ஒரு ஜோடி செருப்பு.
ஓர் இரவின் பிழை.
வாசித்தேன். பின்னால் யாரோ இருமினான்.

பிறகு அந்தப் பேர் வந்தது,
சீலை முழுக்க ஒற்றைச் சொல்.
ஒன்று.
மேகம் எனலாம். இந்தப் பாலையில்
மழையாக்கும் என்று அண்ணாந்து பார்ப்பார்கள்.
இரண்டு. மூன்று.
வெட்டை என்றால் அது வேறு சீக்கு.
நான்கு.
பறங்கிப்புண், என்றேன்.

பறங்கி பக்கத்திலேயே நாற்காலி போட்டு
உட்கார்ந்திருந்தார்.
சங்கிலி தொடையில் அடித்துச் சிரித்தான்,
மணல் முழுக்கச் சிரித்தது.
ஏன் என்றார் டாக்டர்.
எங்கள் பாஷையில் அந்தப் பேர்
கொஞ்சம் வேடிக்கையாக ஒலிக்கும் சார்.
குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

வட்டத்துக்குள் திருகாணிகள் நெளிந்தன.
பிட்டர்களுக்குத் திருகாணி தெரியும்.
சிரிப்பு நின்றது.

கைக்குட்டைக்காரி இப்போது பெண்டாட்டி.
தொட்டிலுக்கு மேலே விரலை ஆட்டுகிறாள்.
குழந்தையின் கண் விரலோடு போகவில்லை.
அவள் அறியாள். அவன் சொல்லவில்லை.

ஒன்று.
பேச்சிமுத்துக்குக் கடிதம் எழுதுவது நான்தான்.
இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய அவா.
பதினாறு கடிதம், பதினாறிலும்.
இரண்டு.
செவ்வாய்தோறும் ஊசிப் பதிவேட்டில்
அவன் பேரை எழுதுவதும் இதே கை.
மூன்று.
தை மாதக் கப்பலில் அவனுக்குச் சீட்டு.
நான்கு.
மனாமா கடைத்தெருவில் வாங்கிய மஞ்சள் சேலையை
ஒருநாள் என்னிடம் காட்டினான், சாயம் போகுமா என்று.
ஐந்து.

அட்டை போய்விட்டது.
என்னவே எழுதியிருந்தது? என்றான் மலுக்கு.
வேகமா ஓடிட்டு, என்றேன்.

மறுநாள் ரிப்போர்ட் தட்டச்சு செய்தேன்:
பார்த்தவர் நூற்று நாற்பது,
விளங்காதவர் யாருமில்லை.

இரவு டிஸ்பென்சரிக் கதவில் பேச்சிமுத்து.
நீங்க முழுங்குன அட்டையில
என்ன இருந்தது?
சொன்னேன்.
மருந்துப் பெட்டிமேல் உட்கார்ந்து
காலிக் குப்பி ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.
வெளியே ஜெனரேட்டர் ஓய்ந்தது. அரிக்கேன் ஏற்றினேன்.

அவளுக்கு ஒரு காயிதம் எழுதணும்.

பேனாவை முக்கியதும்
கை தானாகவே இவ்விடம் நலம் என்று எழுதிவிட்டது.
அடிச்சிரவா? என்றேன்.
இருக்கட்டும்.
அவளுக்கு வாசிக்கத் தெரியாது.
தபால்காரர் சுந்தரக்கோனார்தான் வாசிச்சுச் சொல்வாரு,
வாசலில நின்னு.
அவரு எதை முழுங்குவாரோ.

மை காய்ந்துகொண்டிருந்தது.
எந்தச் சொல்லைப் போட, என்றேன்.
வெகுநேரம் கழித்து,
மேகம்னே போடுங்க.
அதை வாசிக்க அவருக்குக் கூசாது.