இழுவை மடி

காசிமேட்டு ஐஸ் பேக்டரி எபநேசரின்
பில் போடும் மிஷினில் பென்குயின்.
ரோட்டில் மற்றதெல்லாம் ஜன்னல் வைத்த வீடு,
நம்முது அப்படி இல்ல என்பார்.

ஐப்பசி மழையில் ஒரே ராத்திரி,
டீசல் பங்க், வலைக்கடை, ஏலக் கமிஷன் ஆபீஸ்,
நான் சர்வீஸ் பார்க்கிற அத்தனை திரையும் சிவந்து
கணக்கைப் பூட்டிக்கொண்டு பணம் கேட்டன.
இவர் மட்டும் விடியல் மூன்று மணிக்கு
வழக்கம்போல் பார் ஐஸுக்கு ரசீது கிழித்தார்.
அது பொய்யில்லை.
நனைந்தபடி நின்று நானே பார்த்தேன்.

"எங்க கொருக்குப்பேட்டை சந்துக்கு
ஆட்டோவே வராதும்மா, திருடன் எங்கேர்ந்து வருவான்?
மீன் கூட்டமா கீற எடத்துலதான வலை போடுவான்?"
அப்டேட் போடலாமா என்றால்
ஓடுற மோட்டாரை எவனாவது கழட்டுவானா என்பார்.
எனக்கும் வேறு பதினாறு கடை இருந்தது.

தடைக்காலம் வந்தது. படகு எல்லாம் கரையில்.
கம்ப்ரசர் நின்ற பிறகுதான்
அந்தப் பெட்டியின் விசிறி அலறுவது
அவர் காதில் விழுந்தது.

லாகைத் திறந்தேன்.
நிமிஷத்துக்குப் பதினாலு தட்டல்.
அட்மின். கெஸ்ட். ரூட். டெஸ்ட்.
பிப்ரவரி ஒன்பதாம் தேதி
டெஸ்ட் என்று சொன்னவனுக்குக் கதவு திறந்திருக்கிறது.
டெஸ்ட் என்ற கணக்கு, டெஸ்ட் என்றே பாஸ்வேர்ட்.
மூன்று வருஷம் முன்னால் முதல் நாள்
ஒரு நிமிஷ வேலைக்காகப் போட்டு வைத்தது
நான்.

வந்தவன் எதையும் பூட்டவில்லை, எதையும் கேட்கவில்லை.
பரண் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு
இவர் கரண்டில் யாருக்கோ
காசு தோண்டிக்கொண்டிருந்தான்.
அத்தனை ஐஸ் பாருக்கு நடுவில்
நான்கு மாதமாய்ச் சூடாக இருந்தது அது ஒன்றுதான்.
யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

மத்தி வலை கூட்டம் பார்த்துத்தான் விழும், சரி.
இழுவை மடி?
தரையோடு தரையாகச் சுரண்டிக்கொண்டு போகிறது,
நண்டுக் குஞ்சு, அறுந்த செருப்பு, பேர் தெரியாத மீன்.
உன் ஜாதி அபூர்வமா என்று
அது கேட்பதில்லை.
இதை அவரிடம் சொல்ல வாய் எடுத்தேன்,
அந்த டெஸ்ட் பற்றியும்.
முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

எல்லாம் துடைத்துப் புதிதாகப் போட்டேன்.
இருபத்திரண்டு எழுத்தில் பாஸ்வேர்ட்.
"இம்மாம் நீட்டாவா?" என்றவர்
கல்லாவுக்கு மேல் தொங்கிய
மரியன்னை காலண்டரில்
கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டார்.
கிழித்து அவர் சட்டைப் பையில் திணித்தேன்.

விசிறி அடங்கியது.
வெளியே யாரோ படகுக்குப் பெயின்ட் சுரண்டுகிற சத்தம்.
திரையில் ஒரு வரி கூடியது, இன்னொன்று.
பாருங்க, இப்பவே தட்டுறாங்க என்றேன்.

"நம்மளையா?" என்றார்,
கொஞ்சம் பெருமையாகவே.