சேஞ்ச் ஓவர்

லாங் பஜார் கடையில் இம்தியாஸ் பாய் சிரித்தார்.
"இன்னாண்ணே, கரண்டு ஆபீசுக்காரரே
ஜெனரேட்டர் வாங்க வந்துகினா
ஊரு எங்க போய் நிக்கும்?"
சிரித்துவிட்டு டீ சொன்னார்.
பாக்கி கட்டாத இந்தக் கடையின் ப்யூஸ் கட்டையை
இரண்டு வருடத்துக்கு முன் பிடுங்கிப் போனவன் நான்.
அதை அவர் எடுக்கவில்லை.
டீயில் சர்க்கரை அதிகம்.

சட்டைப்பையில், கரண்டு அட்டையின் பின்புறம்,
ராத்திரி போட்ட கணக்கு:
கிரேஸ்மணியின் ஆக்சிஜன் மெஷின் முந்நூற்றைம்பது வாட்,
பிரிட்ஜ் நூற்றைம்பது, கிளம்பும்போது அதற்கு மூன்று பங்கு,
ஃபேன் ஒன்று, பல்பு இரண்டு.
டிவியை அவளே அடித்துவிட்டாள்.
"மூச்சு வாங்கறவளுக்கு சீரியல் எதுக்கு?"
ராணிப்பேட்டை டேனரியில்
பத்தொன்பது வருடம் சாயத்தொட்டி ஓரம் நின்ற நுரையீரல்.
அதற்கு எத்தனை வாட் என்று எழுதவில்லை.

பாய் மூன்றைக் காட்டினார்.
மஞ்சள், விலை குறைவு. கயிற்றை இழுத்ததும்
காட்பாடி ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி கிளம்பியது.
நீலம், சத்தமில்லை, இருபத்தொரு கிலோ.
அதற்கும் கயிறுதான்.
கயிற்றை அவளால் இழுக்க முடியாது.
கரண்டு போகும்போது நான் வீட்டில் இருப்பதில்லை.
கரண்டு போனதென்றால்
நான் எங்கோ ஒரு கம்பத்தில் இருக்கிறேன் என்று அர்த்தம்.
சில செவ்வாய்க்கிழமை
விருதம்பட்டை இருட்டாக்குவதே என் கைதான்.

சிவப்புக்குப் பட்டன் இருந்தது.
கட்டைவிரல் போதும். விலைதான் முழங்கை வரைக்கும்.
"வெளில வையிண்ணே, ஜன்னலாண்ட வேணாம்,
பொகை உள்ள பூந்தா தூங்கறவங்க எழுந்துக்க மாட்டாங்க"
என்று சரியாகத்தான் சொன்னார்.
பிறகு இனாமாக ஒரு ஒயரை எடுத்து மேஜையில் போட்டார்.
இரண்டு முனையிலும் ஆண் பிளக்.
"ஒண்ணு மெஷின்ல, ஒண்ணு செவுத்துல.
வீடு பூரா எரியும். செலவே இல்ல."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

ஏகாம்பரம்.
பேரணாம்பட்டு ரோடு. ஆடி. மழை விட்ட சாயங்காலம்.
சுவிட்சை இறக்கியது நான்.
பூட்டியது நான். சாவி என் பையில்.
"எறக்கிட்டேன், ஏறு" என்றதும் நான்.
அந்தப் பக்கம் ஏதோ ஒரு வீட்டில்
காதுகுத்துக்கு வந்த சனத்துக்கு ஃபேன் ஓட
இப்படி ஒரு ஒயரைச் சுவரில் செருகியிருந்தார்கள்.
அது மீட்டரைத் தாண்டி, தெருவைத் தாண்டி,
டிரான்ஸ்பார்மரில் தலைகீழாய் ஏறி,
பதினோராயிரமாய்ப் பெருத்துப் போய்
அவன் கையைப் பிடித்தது.
செத்த லைன் என்றுதான் நாங்கள் சொல்வோம்.
விசாரணையில் என்மேல் தப்பில்லை என்று எழுதினார்கள்.
நல்ல கையெழுத்து.

பாயிடம் இதைச் சொல்லவில்லை.
"சேஞ்ச் ஓவர் இருக்கா?" என்றேன்.
"அது எதுக்குண்ணே, ரெண்டாயிரம் தண்டம்."
அதைத்தான் முதலில் வாங்கினேன்.
சிவப்பை அப்புறம்.
ஒயரை மேஜையிலேயே விட்டுவிட்டேன்.
இன்னொருத்தர் கொண்டுபோயிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மீட்டர் பக்கத்தில் பொருத்தினேன்.
மேலே வாரியம், கீழே நாங்கள்.
நடுவில் ஒன்றுமில்லை.
கிரேஸ்மணி ஸ்டூலில் உட்கார்ந்து, மூக்கில் குழாயோடு,
கைப்பிடியை ஏழு தடவை ஏற்றி இறக்கினாள்.
"நடுவுல எதுக்கு ஒரு எடம்?"
"ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கக் கூடாது."
"நம்ம சம்பந்தி வூடு மாதிரி."
சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

செவ்வாய், காலை ஒன்பது ஐந்து.
கழிஞ்சூர்க் கம்பத்தடியில் போன் அடித்தது.
"போட்டுட்டேன்." பின்னால் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.
"கைப்பிடி?"
"கீழ."
"பாத்தியா?"
"தொட்டே பாத்தேன்."

அவளை நம்பினேன்.
முப்பத்தொரு வருடமாக நம்புகிறேன்.
டெஸ்டர் கழியை நீட்டி
மூன்று கம்பியையும் ஒவ்வொன்றாகத் தொட்டேன்.
எர்த் செயினை வீசி மாட்டினேன்.
இந்த லைனில் எத்தனை வீடு, எத்தனை சுவர்,
இன்றைக்கு எத்தனை காதுகுத்து.
புதுப்பையன் கையுறையை மாட்டிக்கொண்டு
கம்பத்தில் கை வைத்தான்.
"நீ நில்லு" என்றேன்.
ஏறினேன்.