பதினொரு நிமிடம்

ஞாயிறு விடிய நாலே முக்கால்.
கேற் கொழுக்கி சத்தம் போடாமலிருக்கப்
பழைய துவாய்த் துண்டொன்றைச் சுற்றி வைத்திருக்கிறேன்.
கீழ்வீட்டு மிஸிஸ் ஜயவீர கண்டிருப்பாள்.
கேட்டதில்லை.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடம்
ஒஃபிஸ் காசாளர் மொஹிதீனிடம் வாங்கிய சைக்கிள்.
மட்கார்டில் அவருடைய மகனின் பெயர்
பாதி சுரண்டியபடி இன்னும் இருக்கிறது,
'ஹான்' என்று.
பெற்றோல் வந்தது.
எல்லோரும் தங்கள் தங்கள் ஏசிக்குள் திரும்பிப் போனார்கள்.
நான் போகவில்லை.

தம்பிதான் நிபந்தனை போட்டான்.
ஸ்காபரோவில் அவனுக்கு இன்னும் சனி இரவு.
சாப்பாட்டு மேசையில் போனை நிமிர்த்தி வைத்து
கொழும்பு வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளியைப் பார்ப்பான்.
நாற்பத்து மூன்று வயது,
இடது முழங்காலில் கொஞ்சம் நோ,
நேற்றுத் தோய்த்த காற்சட்டை இன்னும் ஈரம்:
அதுதான் அந்தப் புள்ளி.

மரைன் டிரைவ்.
தண்டவாளத்துக்கு அப்பால் கடல் இருக்கிறதென்று
இந்த இருட்டில் காதால்தான் நம்ப வேண்டும்.
சோளகம் பின்னாலிருந்து ஏறுகிறது.
நூறாம் நம்பர் பஸ்ஸில்
பதினெட்டு வருடம் போய்வந்த முதுகு இது.
யாருடைய கையென்று
திரும்பிப் பார்க்கவும் இடமில்லாத நெரிசல்.
முதுகில் கை வைத்துத் தள்ள
இந்தக் காற்றை மட்டும்தான் நான் விட்டது.

பம்பலப்பிட்டி ஸ்ரேசனடியில்
தேத்தண்ணிக் கோப்பையோடு ஒரு கொன்ஸ்டபிள்.
"தனியமத?"
ஓம், தனியத்தான்.
ஒருகாலம் இதே இடத்தில்
பதில்களைக் கைப்பையில் அடுக்கிக்கொண்டு நடந்தேன்.
ஐசி, பொலிஸ் பதிவு, லொட்ஜ் துண்டு,
ஏன் வந்தாய், எப்ப திரும்புவாய்.
இவன் கேட்பது அந்தக் கேள்வியில்லை. தெரியும்.
கால்களுக்கும் தெரியவர
இன்னும் கொஞ்சத் தூரம் உழக்க வேண்டும்.

காலிமுகத்திடலுக்குக் கிட்டச் செயின் கழன்றது.

குந்தியிருந்தேன்.
ஒரு ஓட்டோ மெதுவாகி நின்றது.
வேண்டாமென்று தலையாட்டினேன்.
அவன் இறங்கவில்லை, பேசவுமில்லை,
முன்லைற்றை மட்டும் என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு
வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.
பல்லில் செயின் ஏறுவதும் வழுக்குவதுமாக.
கூடைக்குள் போன் அடித்தது.
இரண்டு கையும் கரி.
அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

அப்போதுதான் எதிரே வந்தாள் அவள்.
அபாயாவின் கரையை
உடுப்புக் காயப்போடும் கிளிப் இரண்டால் இறுக்கியிருந்தாள்,
ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.
ஒருமுறை மணி அடித்தாள்.
நிற்கவில்லை.
நின்றிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

"அக்கா, பதினொரு நிமிசமா புள்ளி அசையேல்லை.
என்ன செய்துகொண்டிருந்தனி?"
கழன்றதைப் பூட்டினேன் என்றேன்.
அங்கே தட்டில் கரண்டி பட்ட சத்தம்.
"சரி, இனித் திரும்பு."

திரும்பும்போது
அதே சோளகம் நெஞ்சுக்கு நேரே.
போகும்போது பறந்தவள்
இப்போது ஒரு மதகைத் தாண்டப் பத்துமுறை மூச்சு வாங்குகிறேன்.
பெஞ்சில் படுத்திருந்த நாய் என்னை முந்திப் போனது.
கட்டடங்களுக்குப் பின்னால் விடிந்துவிட்டிருந்தது,
எனக்குத் தெரியாமலே.
போன் திரையில் என் பெருவிரலின் கறுப்பு ரேகை,
நீலப் புள்ளி அதற்குள் எங்கோ.

திங்கள் காலை புறக்கோட்டை.
நகக்கண்ணில் மிச்சமிருந்த கரியோடு
பற்றுச்சீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
மொஹிதீன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"செயினோ?"
"ஓம்."
"கிறீஸ் பூசாதீங்க, மண் ஒட்டும்.
தையல் மெசின் எண்ணெய்தான் நல்லம்."

மத்தியானம் இறங்கி
இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு சின்னப் போத்தல் வாங்கினேன்.
அடுத்த ஞாயிறு
முகத்துவாரம் வரைக்கும்.