மூன்றாவது குப்பி

செவ்வாய்க்கிழமை ஒன்று வந்தது.
புதன் இரவு இன்னொன்று.
நான்கு டிகிரி குளிரில், நிறமற்ற திரவத்தில்
எள்ளைவிடச் சற்றே பெரிய நடுமூளைத் துண்டு.
பார்க்கத் தெரியாதவருக்கு அது
கண்ணாடியில் ஒட்டிய பால்துளி.

இரண்டு போதாது.
ஸோல்வெ நீல்ஹெடனின் மூளையில்
ஒரு பக்கத்துக்கே மூன்று வேண்டும்,
வெள்ளி நண்பகலுக்குள்.
அதற்குமேல் செல்கள் காத்திருக்காது.

இப்போதெல்லாம் மாத்திரைதான்.
பலர் வீட்டிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு
முடித்துக்கொள்கிறார்கள்.
இங்கு வருகிறவர்கள் குறைவு.
லுண்ட் நகரத்தில் இந்த வாரம் எவளுக்கும்
அப்படியொரு காலை விடியக் கூடாது
என்றுதான் மனம் சொல்கிறது.
கை மட்டும் தொலைபேசியின் பக்கத்திலேயே கிடக்கிறது.
இந்த வேலையில் என்னால் பொறுக்க முடியாதது
இது ஒன்றுதான்:
எதற்காகக் காத்திருக்கிறேன் என்று
எனக்குத் தெரியும்.

கேட்பதற்கு ஒரு முறை உண்டு.
முதலில் அவள் தன் முடிவைச் சொல்லிக்
கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.
அந்த மை காய்ந்த பிறகே
வேறொரு அறையில், வேறொரு தாளோடு
நான் உள்ளே போகலாம்.
காரணம் கேட்கமாட்டேன்.
யாருக்குப் போகும் என்று சொல்லமாட்டேன்.
நன்றியைக்கூடக்
குரல் தாழாமல், உயராமல்
சொல்லப் பழகியிருக்கிறேன்,
ரொட்டிக்கடையில் மீதிச் சில்லறை வாங்குவதுபோல.

செவ்வாய்க்கிழமைப் பெண்
பின்பக்கம்வரை படித்தாள்.
கேட்டது ஒன்றே:
"வாசலில் சைக்கிளை விட்டிருக்கிறேன்,
நாலு மணிக்குமேல் நின்றால் அபராதமா?"
போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இல்லை.
இருக்கையில் பனி ஏறியிருந்தது, தட்டிவிட்டேன்.
அது அவளுடையதுதானா என்று
பிறகுதான் தோன்றியது.

புதன்கிழமைப் பெண் சரி என்றாள்,
மாட்டேன் என்றாள்,
மறுபடி சரி என்றாள்.
ஒவ்வொன்றுக்கும் புதுத் தாள் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை.
ஸோல்வெயின் தலையை மழித்தாயிற்று.
முப்பத்தொரு வருடம் தபால்காரர்.
குளிர்காலத்தில் கையுறை கழற்றாமலே
கடிதங்களைப் பிரித்தெடுத்த விரல்கள்
போர்வையின் மேல் எதையோ
எண்ணிக்கொண்டே இருந்தன.

பன்னிரண்டு அடித்தது.
தொலைபேசி அடிக்கவில்லை.

மாடியேறி நானே சொன்னேன்.
அவர் மனைவி ஓட்டிலியா
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
அவர் மொட்டைத் தலையை
நெற்றியிலிருந்து பிடரிவரை
ஒருமுறை தடவிப் பார்த்தார்.
நேற்றிரவிலிருந்து பட்டினி.
"அப்படியென்றால்," என்றார்,
"இனி சாப்பிடலாமா?"

கீழே வந்து இரண்டு குப்பிகளையும் எடுத்தேன்.
சிகிச்சைக்கு இனி ஆகாது,
ஆராய்ச்சிக்கு ஆகும். அதற்கும்
கையெழுத்து இருக்கிறது, இருவருடையதும்.
நைட்ரஜன் தொட்டியின் மூடியைத் திறந்ததும்
வெண்புகை வழிந்து
காலணிகள்வரை வந்து காணாமல் போனது.

பெயர் இல்லை. தேதி, வாரம், வரிசை எண்.
கடைசி இலக்கம் 7.
அதன் நடுவில் ஒரு கோடு போடுவது
எங்கள் ஊர் வழக்கம்.
அவசரத்தில் பார்க்கிறவர்கள்
ஒன்று என்று
நினைத்துவிடக் கூடாதென்று.