காரம் குறைந்த மனு

கோத்தகிரி தாலுகா ஆபீஸ் எதிரில்
ஜெராக்ஸ் கடைத் தாழ்வாரத்தில் என் மேசை.
மனு ஒன்றுக்கு ஐம்பது ரூபாய்,
வில்லை ஒட்ட வேண்டுமானால் அது தனி.

பங்குனி. மேகம் இறங்குகிறது, மழை இறங்கவில்லை.
பத்து மணிக்கு மேல்ஹட்டி ஜோகி வந்தார்,
தோளில் வெள்ளைச் சீலை, உதடு துடிக்க.
"எழுதுங்க: நேத்து வந்தவங்க
எங்க ஊத்துத் தண்ணிய திருடறாங்க."

'திரு' வரை எழுதிவிட்டேன்.
பேனா அங்கே நின்றது.
இதோடு விட்டால் மரியாதை,
இன்னும் ஓர் எழுத்து போட்டால் விலங்கு.

"ஒரு நாளைக்கு எத்தனை குடம் கிடைக்குது?"
கோபத்துக்கு எண்ணத் தெரியாது,
அதனால் கொஞ்ச நேரம் ஆனது.
"நாலு."
தாளை மாற்றினேன். நாலு குடம் என்று எழுதினேன்.
அந்தத் 'திரு'வை வீணாக்காமல்
வட்டாட்சியர் பெயருக்கு முன்னால் வைத்தேன்.

மதியம் கீழ் லயத்துப் பவளக்கொடி.
அட்டனிலிருந்து கப்பலேறியபோது ஆறு வயது,
ஐம்பது வருடமாக நேற்று வந்தவள்.
செய்தித்தாளில் சுற்றி ஒரு முழம் கறுப்பு ஹோஸ்.
"அறுத்தவன் பேரு ஜோகி. போடுங்க."
"பார்த்தீங்களா?"
பார்க்கவில்லை.

அறுத்தான் என்றால் அதற்குள் ஓர் ஆள் நிற்கிறான்.
அறுந்து கிடந்தது என்றால்
குழாய் மட்டும்தான் கிடக்கிறது,
யாரும் போய் ஒட்டலாம்.

நான் நல்லவன் என்று நினைக்க வேண்டாம்.
பதினாறு வருடம் முன்பு, இதே மேசை,
சொன்னவர் சொன்னபடி 'வந்தேறி' என்று எழுதினேன்,
கையெழுத்து அழகாக இருந்தது.
நகல் எடுத்து ஊரெல்லாம் ஒட்டினார்கள்.
கவாத்துக் கத்தியோடு ஒருவன் இறங்கினான்.
இழந்தவனுக்கு உதவித்தொகை மனுவும்
நான்தான் எழுதினேன்.
அவனால் கைநாட்டு வைக்க முடியவில்லை.

இரண்டு மனுவிலும் 'எங்கள் தண்ணீர்' இருந்தது.
'நம்' என்று திருத்தப் போனேன்.
திருத்தினால் தாசில்தாரும் குடத்தோடு வரிசையில் நிற்பார்.
விட்டுவிட்டேன்.

இருவருமே படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச்
சலித்துக்கொண்டார்கள்.
"காரமே இல்லையே" என்றார் அவர்.
"ஆஸ்பத்திரிக் கஞ்சி மாதிரி இருக்கு" என்றாள் அவள்.
பணத்தை எண்ணி வைத்தார்கள்.

நாலரை பஸ்ஸைக் காணோம்.
ஒரே தாழ்வாரம். முதுகும் முதுகும்.
முத்திரை விழுந்த நகலைப் பிரித்த ஜோகிக்குக்
கண்ணாடி வீட்டில்.
யாரிடம் என்று பார்க்காமல் நீட்டினார்.
பவளக்கொடி விரல் வைத்துப் படித்தாள்,
நாலு குடத்தில் நின்றாள்.
"எங்களுக்கு மூணு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் மடியிலிருந்த துண்டைப் பார்த்தார்.
வாங்கி, வாயை அமுக்கிப் பார்த்தார்.
"ஒண்ணேகால் இஞ்ச்" என்றார்.
"ஜங்ஷன் கடையில இணைப்பு கிடைக்கும்."

அறுத்தது யார் என்று
அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
எனக்கு அது உறுத்துகிறது.
பஸ் வந்துவிட்டது.

எதிர் நாற்காலியில் அடுத்தவர்:
"எழுதுங்க, என் தம்பி ஒரு..."

"டீ குடிச்சீங்களா?" என்றேன்,
பேனா மூடியைத் திறக்காமல்.