பொறகால

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று
எங்கள் மைதானத்துக்கும் ஒரு ஆட்டக்காரன்.
மேற்குக் கூடைக்கு எறிந்தால் பந்து நடுவானில் தயங்கும்.
கிழக்குக் கூடையைத் தாண்டி ஓடிவிடும்.
உடுமலைக்கு வரும் வெளியூர் அணி
பாதியைக் காற்றிடம் தோற்கும்,
மீதியை நாச்சிமுத்துவிடம்.

போன வருசம் வரைக்கும்.

ஒரே நாளில் மில்லில் சேர்ந்தோம், அவனும் நானும்.
பதினோரு வருசம் கழித்து ஆபீசில் கணக்குப் பார்த்தார்கள்.
எனக்கு ஆட்டத்துக்கு இருபத்திரண்டு புள்ளி.
அவனுக்கு மூன்று. கூடவே நாலு ஃபவுல்,
இடது முழங்காலில் சுற்றிய துணி.
"இவனுக்கு எதுக்குப் பர்மனென்ட்?"
என் ஆர்டரில் கையெழுத்துப் போடப் பேனா கொடுத்தது
அவன்தான்.

பல்லடத்துக் கறிக்கோழிக் கம்பெனி எடுத்துக்கொண்டது அவனை.
மாசம் நாலாயிரம் கூட, ஞாயிறானால் ரெண்டு கோழி.

வைகாசியில் கரூரோடு முதல் ஆட்டம்.
நான் முப்பத்தொன்று போட்டேன்.
தொண்ணூற்றாறு வாங்கினோம்.
கோபியில் எண்பத்தெட்டு.
சத்தியமங்கலத்துப் பையன்கள், மீசை இன்னும் முளைக்காதவர்கள்,
கதவில்லாத சமையல்கட்டில் நாய் நுழைகிற மாதிரி
நடுவில் நுழைந்து நுழைந்து போனார்கள்.

அவன் இடத்தில் யசோதரன். ஆறடி மூன்று அங்குலம்.
குதித்தால் வளையத்தில் தொங்குவான்.
குதித்துக்கொண்டே இருந்தான், அதுதான் சங்கடம்.
எவன் தோளைக் குலுக்கினாலும் இவன் ஆகாயத்தில்.
இறங்கி வருவதற்குள் ஸ்கோர் போர்டில் எண்ணை மாற்றிவிடுவார்கள்.
நாச்சிமுத்து குதித்து நான் பார்த்ததே இல்லை.
எதிராளியின் இடுப்பைப் பார்த்தபடி நிற்பான்,
கடைசி பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி.

வாய் மட்டும் ஓயாது.
"இடது, இடது."
"மேல ஏறு சாமி."
"பொறகால வாரான், பொறகால."
ஒருநாள் ஆட்டத்துக்கு நடுவிலேயே கத்தினேன்,
கொஞ்சம் சும்மா இருக்கிறாயா என்று.

இப்போது சும்மா இருக்கிறது எங்கள் பாதி.
காற்றாலை இறக்கை சுற்றுவது கேட்கிறது.
முதுகில் மோதின பிறகே
அங்கே ஒருவன் நின்றது தெரிகிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
நான் யாரையும் மறித்ததே இல்லை.
நடுக்கோட்டருகே நின்றுகொள்வேன், அடுத்த கூடைக்கு ஓட.
என் ஆளும் அவன் ஆள்தான்.
காலையில் பால் வருவதுபோல
பந்து வந்துவிடும்.

ஆடி கடைசி ஞாயிறு பல்லடத்தார் வந்தார்கள்.
மஞ்சள் பனியன், நெஞ்சில் சேவல்.
எங்கள் கூட்டமே அவனுக்குக் கைதட்டியது.
என் எதிரில் வந்து நின்றான். "சௌக்கியமா?"
அதன்பிறகு எனக்கு வலது பக்கமே இல்லை.
இடது கையில் நான் ஒன்றுமில்லாதவன் என்பது
ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.
மூன்று கால்பாகம், ஆறு புள்ளி.

கடைசிக் கால்பாகம், பந்து அவர்களிடம்.
அவர்களுடைய தடியன் ஒருவன் என் பின்னால் வந்து
சுவராக நிற்கப் பார்க்கிறான்.
நான் கவனிக்கவில்லை. எப்போது கவனித்தேன்?
"பொறகால!"

குரல் மஞ்சள் பனியனிலிருந்து.

கால் தானாகத் திரும்பிற்று.
தடியனை உரசி நழுவினேன். பந்து என் கையில்,
எப்படி என்று கேட்காதீர்கள்.
அவர்கள் கோச் துண்டைத் தரையில் அடித்தார்.
நாச்சிமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டதைப் பார்த்தேன்,
ஓடினேன்.

மேற்குக் கூடை. முன்னால் யாரும் இல்லை, காற்றைத் தவிர.
எறியும் முன்னால் ஒரு எட்டு தாமதிப்பது என் பழக்கம்.
அந்த ஒரு எட்டில்
மஞ்சளாக ஒரு கை எனக்கு மேலே எழுந்து
பந்தைப் பலகையோடு அறைந்தது.

அன்றைக்குத்தான் அவன் குதித்துப் பார்த்தேன்.

பொறகால வந்திருக்கிறான்.
எங்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.