கணவாய் மூடிய இரவின் மதிப்பெண்கள்

மாலை ஏழு மணிக்குத் தடுப்புக் கம்பியை இறக்கி
வராங்கர் மேட்டுச் சாலையை மூடிவிட்டோம்.
காற்று விழும்வரை வேலையில்லை.
பனி வாரும் வண்டிகள் இரண்டும்
கொட்டகையில் சொட்டிக்கொண்டு நிற்கின்றன.

மேசைமேல் ஆறு பீட்ஸா.
துறைமுகத்து சூப்பர்மார்க்கெட்டின் உறைபெட்டியில்
வகைக்கு ஒன்றாக அள்ளி வந்திருந்தான் யூஸ்டைன்.

விதிகள் என்னுடையவை.
அட்டைப்பெட்டி யார் கண்ணிலும் படக் கூடாது.
அதில் அச்சிட்ட சீஸ்
நார்வே முழுக்க நீளும்; நாக்கைக் கெடுக்கும்.
எண் மட்டும்தான், ஒன்று முதல் ஆறு.
எந்த எண் எந்தக் கம்பெனி என்று
ஒரு பெட்டியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதி
அலமாரிமேல் வைத்தேன்.
இன்னொன்று:
பசியோடு யாரும் மதிப்பெண் போடக் கூடாது.
பசி ருசி அறியாது.
ஆளுக்கு இரண்டு ரொட்டி, மேலே மீன்முட்டைப் பசை,
தின்றுவிட்டு உட்காருங்கள் என்றேன்.
முணுமுணுத்தபடி தின்றார்கள்.

ஒன்று:
மழலையர் பள்ளிப் பிறந்தநாள்போல இனிக்கும் தக்காளி.
நான்கு.
இரண்டு:
ஓரம் கருகியாயிற்று, நடுவில் இன்னும் ஜனவரி.
மூன்றின்மேல் ஹாம் சதுரம் சதுரமாக,
யாரோ ஸ்கேல் வைத்துப் பதித்த தரை.
எனக்கு ஐந்துக்கு மேல் மனம் வரவில்லை.
யூஸ்டைன் எட்டு போட்டான்.
அவன் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் இதுதான்;
பெட்டியை ஒளித்துவைக்கலாம்,
வெள்ளிக்கிழமைகளை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

ஆஸ்பியோர்னுக்கு மூக்கு இல்லை.
முகத்தில் இருக்கிறது,
மூன்று வருடம் முந்தைய காய்ச்சலோடு வாசனை போய்விட்டது.
கண்ணை மூடிக் கடிக்கிறான்,
காதால் தீர்ப்புச் சொல்கிறான்.
"இது மைனஸ் பதினைந்தில் நடக்கிற பனி."
ஐந்தாம் எண்ணுக்கு ஒன்பது.
"இது ஈரப்பனி, பூட்ஸுக்குள் இறங்குகிறது."
நான்காம் எண்ணுக்கு ஒன்று.

நான்கு யாருக்கும் பிடிக்கவில்லை.
அடிமாவு நனைந்த அட்டை.
காளான் ரப்பர்.
காரம் இருப்பதாக ஒரு வதந்தி.
நான் இரண்டு போட்டேன், அதுவே தாராளம்.

பதினொன்றரைக்குக் கதவு தட்டியது.
விதேனிஸ், லிதுவேனிய லாரிக்காரர்,
கம்பிக்கு அந்தப் பக்கம் நான்கு மணி நேரமாக நிற்கிறவர்.
காலையிலிருந்து வெறும் காப்பி.
என்ன சரக்கு என்று கேட்டேன்.
"எல்லாம் உறைந்தது," என்றார்.

தட்டில் மிஞ்சியிருந்தது நான்கு மட்டும்.
சூடாக்கித் தருகிறேன் என்று எழுவதற்குள்
பாதியைக் காணோம்.
யூஸ்டைன் தாளை நீட்டினான்.
விரல்களைத் துடைத்துக்கொண்டு,
பரீட்சைத்தாள் திருத்துகிற முகத்தோடு
"பத்து," என்றார்.
பிறகு, "உப்பு கொஞ்சம் குறைவு. ஒன்பதரை."

செல்லாது என்றேன்.
ஆஸ்பியோர்ன் எழுதினான்.
நான் அடித்தேன்.
அவன் மறுபடி எழுதினான்.

மூன்றரைக்குக் காற்று சட்டென்று விழுந்தது,
யாரோ சுவிட்சை அணைத்ததுபோல.
நான் முன்னால் வாரிக்கொண்டு போக
பின்னால் அவருடைய இரண்டு மஞ்சள் விளக்குகள்,
பதினேழு கிலோமீட்டர்,
ஒரு தடவைகூட நெருங்காமல், ஒரு தடவைகூட விலகாமல்.
உச்சியில் ஹாரன் அடித்துவிட்டு இறங்கிப் போனார்.

திரும்பி வரும்போது ஏழு மணி, ஆனாலும் இருட்டு.
மற்ற இருவரும் பெஞ்சில் தூங்குகிறார்கள்.
கையுறையைக் கழற்றப் பொறுமையில்லாமல்
தட்டோடு ஒட்டியிருந்த துண்டைப் பெயர்த்து
நின்றபடியே தின்றேன்.
நான்கு.
இன்னொரு துண்டு.
உப்பு கொஞ்சம் குறைவுதான்.

தாளில் என் இரண்டை அடித்தேன்.
என்ன போடுவது என்று தெரியவில்லை,
பெயராவது பார்ப்போம் என்று
அலமாரிமேல் தடவினேன்.
பெட்டி இல்லை.
விறகடுப்பை மூட்ட
ஆறையும் கிழித்துப் போட்டிருக்கிறான் யூஸ்டைன்.
சாம்பலில் ஒரு மூலை மட்டும் மிச்சம்,
நீளும் சீஸ்.

வியாழனன்று அடுத்த புயலாம்.
கடை ஒன்பதுக்குத் திறக்கும்.
மறுபடி ஆறும் வாங்க வேண்டும்.
ரொட்டி வேண்டாம்.